கடலுக்குள் போன எலெக்ட்ரிக் பைக்

அத்தியாயம் 6

திருடனைப் பிடிக்க வாங்கிய கருவியை வண்டியில் எங்கே ஒளித்து வைப்பது என்பதில்தான் முதல் சண்டை வந்தது. திருடன் இன்னும் வரவில்லை. ஆனால் ‘கழுகுக்கண் துப்பறியும் நிலையம்’ எந்த வழக்கிலும் திருடனுக்கு முன்பே ஆஜராகிவிடும். பிடிக்கிற நேரத்தில்தான் கொஞ்சம் தாமதமாகும்.

நிலையத்தின் அதிபர் ஜானகிராமன். செங்கல்பட்டு வெயிலில் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு நடமாடுகிறவர்களில், வக்கீல் அல்லாத ஒரே ஆள். உதவியாளர் ஜெயப்பிரியா. ஸ்கூட்டர் ஓட்டுவது, போன் எடுப்பது, அதிபர் துப்பறிந்து முடித்த பிறகு உண்மையைக் கண்டுபிடிப்பது ஆகிய மூன்றும் அவள் பொறுப்பு.

வந்திருந்த வழக்கு விசித்திரமானது. திருப்போரூரில் மனை விற்கும் சடையப்பன், பசுமை மனை முகவர்கள் சங்கத்தின் தலைவர். அவருக்குப் போட்டியாக இன்னொரு சங்கம் நடத்துகிறவரின் எலெக்ட்ரிக் பைக் திருட்டுப் போய், போட்டோவோடு பேப்பரில் வந்துவிட்டது. தன்னுடைய பைக் மட்டும் திருட்டுப் போகாமல் நின்றுகொண்டிருப்பது சடையப்பனுக்குப் பெரிய மானப் பிரச்சினை. “அவன் வண்டியையே தூக்கறாங்கன்னா என் வண்டியைத் தூக்காமலா இருப்பாங்க? வரட்டும். கையும் களவுமாப் பிடிக்கணும். ரகசியமா ஒரு ஜி.பி.எஸ். மாட்டுங்க” என்று உத்தரவிட்டிருந்தார்.

வியாழக்கிழமை காலை, செங்கல்பட்டில் பிரபாவின் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் அதிபரும் உதவியாளரும் நின்றார்கள்.

“இது வண்டி பேட்டரியிலேயே கரென்ட் எடுத்துக்கும் சார்” என்றார் பிரபா, ஒயர் தொங்கிய ஒரு டப்பாவைக் காட்டி. “தனியா சார்ஜ் போடற தொல்லை இல்ல. ஆனா எலெக்ட்ரிக் வண்டின்னா திருடன் மொதல்ல பேட்டரியைத்தான் உருவுவான். அதோட இதுவும் செத்துடும்.”

“அடுத்தது?”

“இந்த வில்லை. பத்து ரூபா காசு சைஸ்தான். ஆனா பக்கத்துல யாராச்சும் போன் வெச்சுகினு இருந்தாதான் எடம் காட்டும்.”

“வேடந்தாங்கல் ஏரிக்கரையில கொண்டுபோய் வண்டியை நிறுத்திட்டான்னா, கொக்குங்க எல்லாம் போன் வாங்கற வரைக்கும் நாம காத்துகினு இருக்கணும் சார்” என்றாள் ஜெயப்பிரியா.

பிரபா மூன்றாவதாக ஒன்றை எடுத்து வைத்தார். தீப்பெட்டி அளவு. அதற்கே ஒரு பேட்டரி, அதற்கே ஒரு சிம். போனில் புள்ளியாக ஊர்ந்து காட்டும். குறித்துக் கொடுத்த எல்லையைத் தாண்டினால் ஒரு பெண் குரல் சுத்தத் தமிழில் எச்சரிக்கும்.

“முக்கியமா வாட்டர்ப்ரூஃப் சார். கெணத்துல போட்டாலும் வேலை செய்யும்.”

“பைக்கை எவன் சார் கெணத்துல போடுவான்?” என்றாள் ஜெயப்பிரியா.

“குற்றவாளியின் மனம் ஆழமானது, ஜெயப்பிரியா. தண்ணீரையும் நாம் எதிர்பார்க்க வேண்டும்” என்றார் ஜானகிராமன். மூன்றாவதையே கட்டித் தரச் சொன்னார்.

ஆக, எதை வாங்குவது என்பது நல்லபடியாகவே முடிந்தது. எங்கே வைப்பது என்பதுதான் பாக்கி.

திருப்போரூரில் சடையப்பனின் அலுவலகத்து மதிலோரம் அந்தப் பைக் நின்றது. வாங்கிய நாளிலிருந்து அதில் சடையப்பன் ஏறியதைவிட அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டதுதான் அதிகம். ஜானகிராமன் கோட்டைச் சரிசெய்துகொண்டு அதன் மேல் ஒரு கையை ஊன்றினார். அடுத்த கணம் வண்டி ஊளையிட்டது. நாலு தெரு நாய்கள் பதில் ஊளையிட்டன. அதிபர் இரண்டடி பின்னால் துள்ளி, மதிலில் முட்டிக்கொண்டு நின்றார்.

வாட்ச்மேன் ஜெபசிங் சாவியோடு ஓடி வந்து பட்டனை அமுக்கினார்.

“லாக் பண்ணிட்டா யாரும் தொட முடியாது சார். தொட்டா கத்தும். இந்தப் பக்கத்துப் பட்டனை அமுக்கினா, சும்மாவே கத்தி லைட்டடிக்கும். கூட்டத்துல வண்டி எங்க கீதுன்னு கண்டுபுடிக்க.” பிறகு, யாரும் கேட்காமலே ஒரு சிரிப்போடு சேர்த்துக்கொண்டார். “ஞாயித்துக்கெழமை எம்பொண்ணு சிநேகாவுக்கு நிச்சயம் சார். நீங்க ரெண்டு பேரும் வரணும். மேடம், நீயும் வந்துடு. பிரியாணிதான்.”

அவரை டீ வாங்க அனுப்பிவிட்டு, இருவரும் ரகசியமாக வண்டியைச் சுற்றி வந்தார்கள்.

“சீட்டுக்கு அடியில வெக்கலாமா சார்?”

“திருடன் முதலில் பார்க்கிற இடம் அது.”

“ஹேண்டில்பார் குழாய்க்குள்ள?”

“இரும்பு. சிக்னல் வெளியே வராது.”

“ஹெட்லைட்டைப் பிரிச்சு?”

“பிரித்தால் வாரண்ட்டி போய்விடும். சடையப்பன் நம்மையும் பிரித்துவிடுவார்.” ஜானகிராமன் கண்ணை மூடினார். அவர் கண்ணை மூடினால் ஒன்று யோசனை வரும், இல்லாவிட்டால் தூக்கம் வரும். அன்று யோசனை வந்தது. ஹெட்லைட்டுக்குக் கீழே, கறுப்புக் கயிற்றில் ஐந்து பச்சை மிளகாயும் ஓர் எலுமிச்சம்பழமும், கறுப்புத் துணியில் முடிந்த ஒரு துண்டு படிகாரமும் தொங்கிக்கொண்டிருந்தன. திருஷ்டிக் கட்டு.

“திருடனும் மனிதன்தான்” என்றார் மெல்ல. “நம்பர் பிளேட்டை மாற்றுவான். பெயிண்டை மாற்றுவான். ஆனால் அடுத்தவன் திருஷ்டியை அவிழ்ப்பானா? அவிழ்த்தால் அத்தனை பேர் கண்ணும் அவன் மேல் அல்லவா இறங்கும்? இந்த நாட்டில் ஒரு பொருளை ஒளிக்க இதைவிடப் பாதுகாப்பான லாக்கர் கிடையாது!”

ஜெயப்பிரியாவால் அதில் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. அது அவளுக்கே அவமானமாக இருந்தது. படிகாரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கருவியை வைத்து, கறுப்புத் துணியை இறுக்கி முடிச்சுப் போட்டாள். பாதுகாப்பு எல்லையாக மாவட்டத்தைக் குறித்து, எச்சரிக்கை சடையப்பனின் போனுக்குப் போகும்படி வைத்தாள். ஆனால் ஒளித்த இடம் எது என்பதை சடையப்பனுக்கும் சொல்லவில்லை, ஜெபசிங்குக்கும் சொல்லவில்லை. ரகசியம் ரகசியமாக இருக்க வேண்டும் என்றார் அதிபர்.

ஊரில் கடைக்குக் கடை எலுமிச்சம்பழம் தொங்குகிறது. அது வாடியபின் எப்படிப் புதிதாகிறது என்று மட்டும் இருவரும் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை காலை சடையப்பனிடமிருந்து போன் வந்தது. குரலில் பதற்றத்தைவிடப் பெருமிதம் அதிகம்.

“துப்பறியும் சார்! நம்ம வண்டியும் போயிடுச்சு!”

போய்ச் சேர்ந்தபோது அலுவலகம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. அன்று மாலை ‘புகையில்லாப் பயணம்’ என்று ஓர் ஊர்வலம். ஒரு பிரமுகர் பச்சைக்கொடி அசைக்க, சடையப்பன் எலெக்ட்ரிக் பைக்கில் மாமல்லபுரம் வரை போவதாக ஏற்பாடு. பேண்டு வாத்தியக்காரர்கள் நிழல் தேடிக்கொண்டிருந்தார்கள். மதிலையொட்டி, ராகு காலத்துக்கு முன்னால் கட்டி முடித்துவிட வேண்டும் என்று காலையில் முதல் வேலையாக ஆள் விட்டுக் கட்டிய ஒரு பிரம்மாண்டமான பேனர். அதன் இரண்டு பக்கமும் வாழை மரம், தென்னங்கீற்று. பேனரில் சடையப்பன் கைகூப்பி நின்றார். பின்னணியில் ஒரு காற்றாலை, ஒரு பனிக்கரடி. பனிக்கரடி எதற்கு என்று அச்சடித்தவருக்கே தெரிந்திருக்காது. ‘புகையில்லா பூமியின் புதல்வரே!’ என்று மேலே எழுத்து.

“பேனர் செம்ம தத்ரூபம் சார்” என்று கிசுகிசுத்தாள் ஜெயப்பிரியா. “தொப்பை மட்டும் தனியா வெளிய தள்ளிகினு கீது பாருங்க.”

“உஷ். அது த்ரீ-டி தொழில்நுட்பம்.”

நிஜச் சடையப்பன் பேனருக்கு முன்னால் வந்து நின்றார். இரண்டு தொப்பைகளும் ஒரே நேர்கோட்டில் இருந்தன.

“யார் எடுத்ததுன்னு எனக்குத் தெரியும். நைட்டு காவல் யாரு? ஜெபசிங். ஆறு மணிக்கு வூட்டுக்குப் போயிருக்கான். நான் வந்து பாத்தா வண்டி இல்ல. இதுக்கு மேல இன்னா துப்பறியறது? சாயங்காலம் பந்தோபஸ்துக்கு எஸ்.ஐ. வராரு. அதுக்குள்ள வண்டி வந்தா சரி. இல்லன்னா இவன் ஜீப்புல ஏறுவான்.”

ஜெபசிங் கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். மடியில் டிபன் பை. வீட்டிலிருந்து திரும்ப அழைத்து வந்து உட்கார வைத்திருந்தார்கள்.

“மேடம்” என்றார் தணிந்த குரலில். “நாளைக்கு நிச்சயம். மாப்பிள்ளை வூட்டுல ரொம்ப மரியாதப்பட்டவங்க. ஸ்டேஷன்னு ஒரு வார்த்தை அவங்க காதுல வுழுந்தா போதும், எம்பொண்ணு கல்யாணம் அதோட சரி. நான் எடுக்கல மேடம். கர்த்தர் மேல ஆணையா எடுக்கல.”

“நீ எடுத்திருக்க மாட்ட அண்ணாத்த. நீ மொதல்ல அந்தப் பைல இருக்கறதை சாப்டு” என்றாள் அவள்.

அதற்குள் ஜானகிராமன் போனைத் திறந்திருந்தார். முகத்தில் சூரியோதயம்.

“ஜெயப்பிரியா! புள்ளி! புள்ளி நகர்கிறது!”

திருப்போரூர் கடைத்தெருவில் புள்ளி ஊர்ந்துகொண்டிருந்தது. வண்டி இங்கே இல்லை, அங்கே போகிறது; விஷயம் முடிந்தது. மதிலோரம் ஒரு தடவை எட்டிப் பார்க்கவேண்டும் என்று அதன்பின் யாருக்கும் தோன்றவில்லை. விஞ்ஞானம் சொன்ன பிறகு கண் எதற்கு?

புள்ளி முதலில் நின்றது ஒரு மொபைல் கடை வாசலில். ஸ்கூட்டர் போய்ச் சேர்வதற்குள் கிளம்பிவிட்டது.

“இங்கே ஓர் எலெக்ட்ரிக் பைக் வந்து நின்றதா?” என்றார் ஜானகிராமன், அடையாள அட்டையை நீட்டி. அட்டையை அவரே அச்சடித்திருந்தார்.

கடைக்காரர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இன்னா சார், லாமினேஷனா?”

அடுத்து ஒரு பரோட்டா கடை. அங்கேயும் பைக் வரவில்லை. மாஸ்டர் மாவை வீசியடித்துக்கொண்டே, “நாஸ்தா டைம்ல வந்து பைக்கு வந்துச்சா, பஸ்ஸு வந்துச்சான்னுகினு. பேஜாரு பண்ணாத நைனா, நகரு” என்றார். அதற்கடுத்து ஒரு பஞ்சர் கடை. ஒவ்வொரு இடத்திலும் புள்ளி கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு நகரும்.

“எனக்குப் புரிந்துவிட்டது” என்றார் ஜானகிராமன், பின்சீட்டிலிருந்து. “வண்டியை முழுதாக விற்றால் மாட்டிக்கொள்வான். ஆகவே கடைக்குக் கடை பிரித்து விற்கிறான். பஞ்சர் கடையில் டயர். மொபைல் கடையில் டிஸ்ப்ளே.”

“பரோட்டா கடையில?”

அதிபர் சற்று யோசித்தார். “சீட்.”

“கரெக்ட் சார். அந்தக் கடை பரோட்டாவை நான் தின்னுருக்கேன்.”

நெம்மேலி வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறி, புள்ளி தெற்கே திரும்பியது. கடல்காற்றில் ஜானகிராமனின் கோட்டு இரண்டு பக்கமும் விரிந்தது. பின்னால் வந்த பஸ் டிரைவர் சிரித்துக்கொண்டே முந்திப் போனார். மாமல்லபுரத்துக்குள் நுழைந்து, ஒரு சிற்பப் பட்டறைக்கு முன்னால் புள்ளி நின்றது, மறுபடி நகர்ந்தது.

பட்டறை முழுக்க உளிச் சத்தம். நடுவில் பாதி முடிந்த ஒரு கருங்கல் யானை. ஜானகிராமன் அதைச் சுற்றி வந்தார். குனிந்தார். யானையின் வயிற்றில் விரல் முட்டியால் தட்டினார். காதை வைத்துக் கேட்டார்.

“இன்னா சார், ஜொரமா?” என்றார் சிற்பி தர்மராஜ், உளியைக் கீழே வைத்து.

“இது உள்ளே குடையப்பட்டதா? உண்மையைச் சொல்லுங்கள். உள்ளே பைக் இருக்கிறதா?”

தர்மராஜ் யானையைப் பார்த்தார். ஜானகிராமனைப் பார்த்தார். பிறகு பரிதாபத்தோடு ஜெயப்பிரியாவைப் பார்த்தார். “ஏம்மா, யானையைக் குடைஞ்சு உள்ள பைக்கை வெக்கறதா இருந்தா, வேலை முடியறதுக்குள்ள அந்தப் பைக்கு பழைய மாடல் ஆயிடும்மா.”

ஜெயப்பிரியா அவரைக் கவனிக்கவில்லை. பட்டறையின் வாசல் நிலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஓர் எலுமிச்சம்பழம் தொங்கியது. பளபளவென்று, இன்னும் நீர்த்துளியோடு. மிளகாய்கள் பச்சைப் பசேலென்று விறைப்பாக நின்றன.

பக்கத்துப் பட்டறையை எட்டிப் பார்த்தாள். அங்கேயும் எலுமிச்சம்பழம் உண்டு. ஆனால் கறுத்துச் சுருங்கிப்போயிருந்தது. அந்தப் பட்டறையில் புள்ளி நிற்கவில்லை.

பரோட்டா கடையை மனதில் கொண்டுவந்தாள். கல்லாவுக்கு மேலே பச்சையாக ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. மொபைல் கடை ஷட்டரில்? பச்சை. பஞ்சர் கடையில், கம்ப்ரசருக்கு மேலே? பச்சை.

“சார்” என்றாள். “திருஷ்டிக் கட்டை யாரும் தொட மாட்டான்னு சொன்னீங்களே...”

“பேசாதே! புள்ளியைப் பார்!”

அவள் எட்டிப் பார்த்தாள். போனில் சாலை முடிந்தது. மணல் முடிந்தது. நீல நிறம் ஆரம்பித்தது. புள்ளி நீலத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

“கடல்!” ஜானகிராமன் போனை உயர்த்திப் பிடித்தார். வாழ்நாள் முழுவதும் காத்திருந்த சொல் அது. “படகு! சர்வதேசக் கடத்தல்! ஜெயப்பிரியா, இது நாம் நினைத்ததைவிடப் பெரியது!”

கடற்கரைக்கு ஓடினார்கள். படகு எதுவும் இல்லை. கப்பலும் இல்லை. ஒரு பழைய மொபெட் நின்றது. அதன் ஹேண்டிலில் இரண்டு பக்கமும் பைகள். ஒன்றில் புது எலுமிச்சையும் மிளகாயும் பிதுங்கின, இன்னொன்று காலியாகத் தலைகீழாகத் தொங்கியது. கணுக்கால் தண்ணீரில் ஒரு மனிதர் நின்று கை அலம்பிக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால், அலைமேல், வாடிய எலுமிச்சம்பழங்கள் கயிறும் மிளகாயுமாகக் கூட்டமாக மிதந்து போய்க்கொண்டிருந்தன.

“நீ யார்?” என்றார் ஜானகிராமன்.

“வரதன் சார். கடைக்கு எலுமிச்சம்பழம் கட்றவன். வாராவாரம் சனிக்கெழமை திருப்போரூர்ல ஆரம்பிச்சு இங்க வந்து முடிப்பேன்.”

“பழச இன்னா பண்ணுவ அண்ணே?” என்றாள் ஜெயப்பிரியா. பதில் அவளுக்குக் கண்முன்னாலேயே மிதந்துகொண்டிருந்தது.

“அது வூட்டுக்கு எடுத்துகினு போவக்கூடாது. கால் மிதிபடற எடத்துல போடக்கூடாது. ஊர்க்கண்ணு பூரா அதுல கீது. அதான் கடல்ல வுட்டுடுவேன்.”

“சடையப்பன் பைக்குல இருந்ததையும் வுட்டுட்டியா?”

“ஆமா. காலையில மொத போணியே அவருதுதான். வண்டி மேல கை படாம புதுசு கட்டிட்டு, பழச எடுத்தேன். படிகாரம் செம்ம கனம்மா! சரி, பெரிய மனுஷன், கண்ணு ஜாஸ்தி வுழுந்திருக்கும், கனக்கத்தான் செய்யும்னு நெனைச்சேன்.”

ஜானகிராமன் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு கடலுக்குள் இறங்கினார். ஓர் அலை அவரை உட்கார வைத்தது. இன்னொரு அலை எழுப்பி விட்டது. கரைக்கு வந்தபோது கையில் வெற்றிகரமாக ஒரு திருஷ்டிக் கட்டு இருந்தது. பிரித்துப் பார்த்தார். படிகாரம்.

“அது மொபைல் கடையோடது சார்” என்றார் வரதன்.

ஜெயப்பிரியாவுக்குச் சிரிப்பு வரவேண்டிய நேரம். வரவில்லை. டிபன் பையும் பிளாஸ்டிக் நாற்காலியும் கண்ணில் நின்றன. புள்ளியும் கடலோடு போய்விட்டது. வண்டி எங்கே என்று இனிமேல் கேட்க எந்தக் கருவியும் இல்லை. அப்போதுதான் உறைத்தது. கருவி இல்லாவிட்டால் என்ன? வண்டியைக் கடைசியாகக் கண்ணால் பார்த்த ஆள் எதிரிலேயே நிற்கிறார்.

“அண்ணே, நீ பழம் கட்டும்போது வாட்ச்மேன் இருந்தாரா?”

“ஜெபசிங்கா? அவரு அப்பவே கெளம்பிட்டாரு. எதுக்க சைக்கிள்ல போனாரு. கைகூட காட்டினாரு.”

“அவர் போனப்புறமும் வண்டி அங்கயே இருந்துச்சு?”

“செவுத்தோரம் நின்னுகினு இருந்துச்சு. பேனர் கட்ற பசங்க ரெண்டு பேரு சவுக்குக் கம்பு எறக்கிகினு இருந்தானுங்க. வண்டியை நகத்தலாம்னு ஒருத்தன் கை வெச்சான், அது ஊளை வுட்டுச்சு பாரு! வுட்டுட்டு ஓடியே பூட்டானுங்க. அப்புறம் ராகு காலம் வந்துடும், வந்துடும்னு பொலம்பிகினு திரும்ப வந்தானுங்க. நான் கெளம்பிட்டேன்.”

ஜெயப்பிரியா ஸ்கூட்டரை நோக்கி ஓட ஆரம்பித்தாள்.

“எங்கே?” என்று கத்தினார் அதிபர், கோட்டைப் பிழிந்துகொண்டே.

“தொப்பைக்கு சார்!”

அவர்கள் திரும்பியபோது ஜீப் வந்துவிட்டிருந்தது. ஜெபசிங் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றார். டிபன் பையை இரண்டு கையாலும் மார்போடு பிடித்திருந்தார். சுற்றிலும் கூட்டம். கூட்டத்தில் யாரோ ஏற்கெனவே போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“வண்டி எங்கே?” என்றார் சடையப்பன்.

“வண்டி சாவி உங்ககிட்ட இருக்குதா சார்?” என்றாள் ஜெயப்பிரியா, மூச்சு வாங்க.

“என் ஜேபியிலதான் இருக்கு. வண்டியே இல்ல, சாவியை வெச்சு...”

“குடுங்க.”

இரண்டாவது பட்டனை அமுக்கினாள்.

பேனரில் இருந்த சடையப்பனின் வயிறு ஊளையிட்டது.

சாதாரண ஊளையில்லை. பேண்டு வாத்தியக்காரர் ஒருவர் ட்ரம்பெட்டைக் கீழே போட்டார். கைகூப்பி நின்ற பூமியின் புதல்வருடைய தொப்புளில் மஞ்சள் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. பக்கத்தில் பனிக்கரடியின் மூக்கும் சேர்ந்து எரிந்தது. கூட்டத்தில் எங்கேயோ ஒரு மூலையில் முதல் சிரிப்பு கிளம்பியது.

“நகத்த முடியல, அதனால வண்டிக்கு முன்னாடியே பேனரைக் கட்டிட்டாங்க சார்” என்றாள் ஜெயப்பிரியா, எஸ்.ஐ.யிடம். “ஜெபசிங் வூட்டுக்குப் போன அப்புறமும் வண்டி இங்கதான் இருந்துச்சு. எலுமிச்சம்பழக்காரரு சாட்சி.”

எஸ்.ஐ. பேனரைப் பார்த்தார், சடையப்பனைப் பார்த்தார். “சரி. பேனரை எறக்குங்க. வண்டியைக் கண்ணால பாத்துட்டு இவரை வுட்டுடறேன்.”

“இப்பவா?” சடையப்பன் அலறினார். “வி.ஐ.பி. வர்ற நேரம்! கம்பியில இறுக்கிக் கட்டியிருக்கு, அவுக்கவே ஒரு மணி நேரம் ஆகும். கிழிக்கவும் கூடாது. என் உருவத்தை நானே கிழிச்சா அபசகுனம். ஒண்ணு பண்ணுங்க சார். இவனைக் கூட்டினு போய் ஸ்டேஷன்ல சும்மா ஒக்கார வைங்க. விழா முடிஞ்சதும் போன் பண்றேன். ஒரு மணி நேரம்தானே, இன்னா ஆயிடப்போவுது?”

ஜெபசிங் தலையைக் குனிந்தார். படம் எடுத்துக்கொண்டிருந்த போன் அவர் முகத்துக்கு அருகே வந்தது.

அப்போது, கடல் தண்ணீர் சொட்டச் சொட்ட, ஜானகிராமன் முன்னால் வந்தார். கோட்டின் உள்பையிலிருந்து ஒரு பேனாக்கத்தியை எடுத்தார். நிலையம் தொடங்கிய நாளிலிருந்து மாம்பழம் நறுக்க மட்டுமே பயன்பட்ட கத்தி.

“தடயத்தைக் கைப்பற்றுகிறேன்” என்றார் கம்பீரமாக. கூப்பிய கைகளுக்குக் கீழே குத்தி, தொப்புளைத் தாண்டி, வேட்டிக் கரை வரை ஒரே இழுப்பு.

பேனர் இரண்டாகப் பிளந்தது. உள்ளிருந்து முதலில் எட்டிப் பார்த்தது பளபளக்கும் ஓர் எலுமிச்சம்பழம். அதற்கு மேலே ஹெட்லைட். ஜெயப்பிரியா அதிபரைத் திரும்பிப் பார்த்தாள். இந்த மனிதரிடம் ஏன் வேலை பார்க்கிறோம் என்ற கேள்விக்கு ஆண்டுக்கொருமுறை இப்படி ஒரு பதில் கிடைத்துவிடுகிறது.

எஸ்.ஐ. வண்டியைக் கண்ணால் பார்த்தார். படம் எடுத்தவனின் போனை வாங்கி, படத்தை அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “நீங்க வூட்டுக்குப் போங்க ஜெபசிங்.”

ஜெபசிங் போகவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, சடையப்பனுக்கு முன்னால் வந்து நின்றார்.

“சார், மாப்பிள்ளைக்கு மோதிரம் எடுத்தார இன்னிக்கு செங்கல்பட்டு போவணும். காலையிலேர்ந்து இங்க ஒக்கார வெச்சுட்டீங்க. என் சைக்கிள்ல போனா கடை மூடிடுவான். சாவியைக் குடுங்க.”

“என் வண்டியையா?”

“எப்படியும் அவருதான் எடுத்தாருன்னு சொன்னீங்களே சார்” என்றாள் ஜெயப்பிரியா. கையிலிருந்த சாவியை ஜெபசிங்கிடம் நீட்டினாள். கூட்டம் கை தட்டியது. எஸ்.ஐ. வானத்தைப் பார்த்தார்.

ஜெபசிங் கிழிசலுக்குள் புகுந்தார். வண்டி சத்தமில்லாமல் உயிர்பெற்று, சடையப்பனின் வயிற்றைத் திறந்துகொண்டு வெளியே வந்த அதே வேளையில் பிரமுகரின் கார் வந்து நின்றது. கதவு திறந்தது. யாரோ அவசரமாக அவர் கையில் பச்சைக்கொடியைத் திணித்தார்கள். பேனரைக் கிழித்துக்கொண்டு எலெக்ட்ரிக் பைக் பாய்கிற காட்சியைப் பார்த்துப் பிரமுகர் மெய்சிலிர்த்தார்.

“பிரமாதமான ஏற்பாடு!” என்று கொடியை அசைத்தார். பேண்டு முழங்கியது. டிபன் பை ஹேண்டிலில் ஆட, ஜெபசிங் செங்கல்பட்டு சாலையில் திரும்பினார். யாரோ ஒருவர் அவருக்குப் போட்ட மாலை கழுத்தில் சரிந்து தொங்கியது.

“என் வண்டி!” சடையப்பன் தலையில் கை வைத்தார். “அவன் எங்க போறான், எப்ப வருவான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

அவர் சட்டைப்பையில் போன் பேசியது. சுத்தமான தமிழ், கனிவான பெண் குரல்.

“உங்கள் வாகனம் பாதுகாப்பு எல்லையைத் தாண்டிவிட்டது.”

அவர் போனைப் பிடுங்கிப் பார்த்தார். மாமல்லபுரத்துக்கு வெகு கிழக்கே, கரையே தெரியாத நீலத்தில், புள்ளி ஒன்று மெதுவாக ஆடிக்கொண்டு போனது.

“போன்லயே பாத்துகினு இருங்க சார்” என்றாள் ஜெயப்பிரியா. “வாட்டர்ப்ரூஃப்தான். பயப்படாதீங்க.”